குளிர் கழிந்த தில்லி வீட்டின் வரவேற்பறையைப் புதுப்பிப்பது எப்படி?

கேள்வி (மயூர் விகார்):
வணக்கம். ரஜாய்களையும் (பஞ்சு அடைத்த கனத்த போர்வைகள்) ஹீட்டரையும் பரணில் ஏற்றியாகிவிட்டது. ஆனால், வடக்கு நோக்கிய எங்கள் வரவேற்பறை, அரக்குநிற சோபாவும் கம்பளி விரிப்பும் கனத்த திரைச்சீலையுமாக இன்னும் ஜனவரியிலேயே நிற்கிறது. வாடகை வீடு என்பதால் ஒரு சுவருக்கு மட்டுமே வண்ணம் பூச அனுமதி கிடைத்திருக்கிறது. எந்த நிறம் பொருந்தும்? சோபாவை மாற்றத்தான் வேண்டுமா?

மறுமொழி (ஆர்.கே. புரம்):
சோபாவின் மரச்சட்டம் உறுதியாக இருந்தால், மரச்சாமான் கடைகள் நிறைந்த கீர்த்தி நகர்ப் பக்கம் விசாரித்து மேல்துணியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். வடக்கிலிருந்து வரும் வெளிச்சம் சற்று நீலம் பாய்ந்தது என்பதால், தூய வெண்மையும் சாம்பல் நிறமும் அங்கே மேலும் வெளிறித் தெரியும்; வெண்ணெய் மஞ்சளோ சந்தன நிறமோ அறைக்கு இதம் தரும். சிறிய டப்பா ஒன்று வாங்கி, 2 அடி சதுரத்துக்குப் பூசி, காலை வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

மறுமொழி (கரோல் பாக்):
வண்ணத்துக்கு முன்னால் சோபாவை நகர்த்திப் பாருங்கள். எங்கள் வீட்டில் குளிர்கால ஈரம் அதன் பின்னே கரும்பூஞ்சையாகப் படிந்திருந்தது. சுவர் முழுதும் உலருமுன் அவசரப்பட்டுப் பூசியதால், ஒரே மாதத்தில் செதில் செதிலாக உதிர்ந்துவிட்டது. கம்பளிக்குப் பதிலாகப் பவானி ஜமக்காளம் விரியுங்கள். அதன் சிவப்பும் பச்சையுமான பட்டைகள் அரக்கு நிறத்தோடு அழகாக இணையும். கரூர்ப் பருத்தித் திரை போட்டால் வெளிச்சம் தடையின்றி உள்ளே வரும்.

கேள்வி கேட்டவர்:
நகர்த்திப் பார்த்தேன், கீழ் மூலையில் ஈரம் இருக்கிறது. சுவர் உலரும்வரை திரையையும் விரிப்பையும் மட்டும் மாற்றுகிறேன். மிக்க நன்றி.