மெர்ல் ஓபரான் பொறந்தது பம்பாயா டாஸ்மேனியாவா?

காட்பாடி ரசிகர்:
வணக்கம். பொண்ணுக்கு காலேஜ்ல உதரிங் ஹைட்ஸ் நாவல் பாடம், அதனால 1939ல வந்த படத்தை வீட்ல போட்டு பாத்தோம். லாரன்ஸ் ஒலிவியர் தெரிஞ்ச ஆளு தான், ஆனா கேத்தியா வர்ற மெர்ல் ஓபரான் மூஞ்சி இன்னும் கண்ணுலயே நிக்குது. யாருன்னு தேடினா ஒரு எடத்துல ஆஸ்திரேலியாவோட டாஸ்மேனியா தீவுல பொறந்தவங்கன்னு இருக்கு, இன்னொரு எடத்துல பம்பாய்னு இருக்கு. எதுங்க நெஜம்?

ஜோலார்பேட்டை ஜங்ஷன்:
பம்பாய் தாங்க, 1911. கல்கத்தாவுல வளந்தாங்க, அப்போ குவீனி தாம்சன்னு பேரு. அம்மா வழி இலங்கை, அப்பா வழி வெள்ளக்காரங்க. எங்க ஊர்லயும் அரக்கோணத்துலயும் ரயில்வே குவார்ட்டர்ஸ்ல ஆங்கிலோ இந்தியன் குடும்பங்களோட பழகினவங்களுக்கு இது சட்டுனு புரியும். ஒரே வயித்துல பொறந்த அக்கா தங்கச்சில ஒருத்தர் வெளுப்பு, ஒருத்தர் மாநிறம், அந்த நெறத்தை வச்சே யாருக்கு இன்னா மரியாதைன்னு ஊரு முடிவு பண்ணிடும். மெர்ல் சீமைக்கு போய் டைரக்டர் அலெக்சாண்டர் கோர்டா கண்ணுல பட்டு, 1933ல எட்டாம் ஹென்றி படத்துல அந்த ராஜாவோட பொண்டாட்டி ஆன் போலினா சின்ன வேஷம் கட்டி, அதுலயே பேரு வாங்கிட்டாங்க. டாஸ்மேனியா கதையை கட்டிவிட்டது அந்த சமயத்துல தான். வளத்த அம்மா சார்லட் கூடவே இருந்தாங்க, ஆனா வர்றவங்க கிட்ட வேலைக்காரின்னு சொல்லி வச்சாங்களாம். பின்னாடி பொறந்த சர்டிபிகேட் கெடைச்சப்போ தான் சார்லட் உண்மையில பாட்டின்னு தெரிஞ்சுது. இதை படிச்சிட்டு எனக்கு மனசே ஆறல.

ஆரணி அக்கா:
தம்பி, அவங்களை கோச்சுக்காதீங்க. இங்கிலீஷ் நடிகை விவியன் லீ கூட டார்ஜிலிங்ல தான் பொறந்தாங்க, அதை யாரும் மறைக்கல. அப்போ இந்தியாவுல பொறந்தது இல்ல பிரச்சினை, இந்திய ரத்தம் கலந்தது தான் பிரச்சினை. ஹாலிவுட்ல 1934லேர்ந்து தணிக்கை விதி இறுகிடுச்சு, இனம் விட்டு இனம் காதல் காட்ட விடமாட்டாங்க. உண்மை தெரிஞ்சிருந்தா ஒலிவியருக்கு ஜோடியா போட்டிருப்பாங்களா? 1935ல டார்க் ஏஞ்சல் படத்துக்கு ஆஸ்கர் நாமினேஷன் வந்துச்சு, அதைத்தான் சிறந்த நடிகைக்கு ஆசிய வம்சாவளில மொத நாமினேஷன்னு இப்போ கொண்டாடுறாங்க. உசுரோட இருந்தப்போ அந்தப் பெருமையை அவங்களால வாய்விட்டு சொல்ல முடியலையே.

சத்துவாச்சாரி போட்டோகிராபர்:
லைட் விஷயம் யாரும் சொல்லலையே. 1937ல லண்டன்ல கார் ஆக்சிடென்ட் ஆகி மூஞ்சில தழும்பு ஆயிடுச்சு, நடிச்சிகினு இருந்த ஐ கிளாடியஸ் படமே நின்னு போச்சு. அப்புறம் 1944ல லாட்ஜர் படத்துக்கு கேமராமேன் லூசியன் பல்லார்ட், லென்ஸ் பக்கத்துலயே ஒட்டினாப்ல ஒரு சின்ன லைட் வச்சாரு. நாங்க கல்யாண வீடியோவுல கேமரா மேல மாட்டுவோமே, கிட்டத்தட்ட அதே மாதிரி தான். சைடுல இருந்து லைட் அடிச்சா தழும்புல நெழல் விழும், நேரா அடிச்சா நெழல் தழும்புக்கு பின்னாடியே மறைஞ்சிடும், மூஞ்சி வழவழன்னு தெரியும். அந்த லைட்டுக்கு ஓபின்னு அவங்க பேரையே வச்சாங்க. அந்த பல்லார்டையே 1945ல கல்யாணமும் பண்ணிக்கினாங்க.

காட்பாடி ரசிகர்:
ரொம்ப நன்றிங்க. கடைசி வரைக்கும் உண்மையை சொல்லவே இல்லையா?

ஜோலார்பேட்டை ஜங்ஷன்:
இல்லீங்க. 1978ல டாஸ்மேனியாவுல ஹோபார்ட் டவுன்ல கூப்பிட்டு, எங்க ஊரு பொண்ணுன்னு வரவேற்பு வச்சாங்க. மறு வருஷம் நவம்பர்ல காலமாயிட்டாங்க. 1983ல வந்த வாழ்க்கை வரலாறு புக்ல தான் பம்பாய் சமாச்சாரம் உலகத்துக்கே தெரிஞ்சுது. பொண்ணு கிட்ட அடுத்து டார்க் ஏஞ்சல் பாக்க சொல்லுங்க, நடிப்பு அதுல தான் இன்னும் நல்லா தெரியும்.