புதுப்பிப்பு: விபத்தில் பிழைத்தவர்கள் ரத்தம் கொடுப்பது பற்றி

பெரிய விபத்திலிருந்து மீண்டவர்கள் நன்றிக்கடனாக ரத்ததானம் செய்யலாம் என்று முன்பு எழுதியிருந்தோம். "எப்போது கொடுக்கலாம்?" என்று பலர் கேட்டதால் இந்தச் சேர்க்கை.

ரத்தம் ஏற்றப்பட்டிருந்தால் அந்த நாளிலிருந்தும், பெரிய அறுவை நடந்திருந்தால் அதிலிருந்து குணமான பிறகும் 12 மாதம் பொறுக்க வேண்டும். சின்ன அறுவைக்கு, குணமான பிறகு 6 மாதம். தொற்று ஏதும் வந்திருந்தால் அது பரிசோதனையில் தெரியவும், உடம்பு இழந்ததை மீட்கவும் இந்த அவகாசம் தேவை. காலில் வைத்த பிளேட்டை எடுக்க மறுபடி அறுவை செய்தால், அதிலிருந்து குணமான பிறகு கணக்கு புதிதாகத் தொடங்கும். ரத்தம் கொடுக்கப் போகும்போது இதை மறக்காமல் சொல்லுங்கள்.

எடை 45 கிலோ இருந்தால் 350 மி.லி. எடுப்பார்கள், 450 மி.லி.க்கு 55 கிலோவுக்கு மேல் வேண்டும். ஹீமோகுளோபின் 100 மி.லி. ரத்தத்தில் 12.5 கிராமுக்குக் குறையக் கூடாது. நிறைய ரத்தம் இழந்தவர்களுக்கு இரும்புச்சத்து மெல்லத்தான் ஏறும். முதலில் ஹீமோகுளோபினைச் சோதித்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் போகாதீர்கள், மயக்கம் வரும். எடுத்து முடித்ததும் சட்டென்று எழாமல், கட்டிலோரம் கொஞ்சம் உட்கார்ந்து எழுங்கள். ஊன்றுகோலோடு வருபவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

தலையில் அடிபட்டு வலிப்பு வந்தவர்கள் கொடுக்கவே கூடாது. மனம் தளர வேண்டாம்: வீட்டில் தகுதியுள்ள ஒருவரை அழைத்துப் போங்கள். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம்.