மனிதாபிமானம் வேண்டாம் சார், ஒரு மணி நேரம் வேண்டும்: சட்டம் படிக்கும் மாற்றுத்திறனாளிகளோடு நம் அனுபவங்கள்

குடமுருட்டி எழுதியது:

2019 நவம்பர். நான் பி.காம் முதல் வருடம். எங்கள் தெரு அண்ணன் ஒருவர் அப்போது சட்டம் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தார். பிறவியிலேயே பார்வை கிடையாது. அவருக்கு வழக்கமாகப் பரீட்சை எழுதித் தரும் பையனுக்குக் காய்ச்சல். "நீ வர முடியுமா பாப்பா? ஸ்கிரைப் என்னைவிட ஒரு படி கம்மியாப் படிச்சிருக்கணும், நீ சரியா இருப்ப" என்று கேட்டார். பாபநாசத்தில் காலை ரயில் ஏறினோம். அவருக்கு உதவப் போகிறேன் என்ற நினைப்பு எனக்கு. திருச்சி போய்ச் சேர்வதற்குள் சாட்சியச் சட்டத்தில் பாதியை எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார். 'எஸ்டாப்பல்' என்ற சொல்லை மூன்று முறை எழுத்துக்கூட்டச் சொன்னார். நான் தப்பாக எழுதினால் மார்க் போவது அவருக்கு.

பரீட்சை அறையில் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. முற்றுப்புள்ளி வேண்டிய இடத்தில் மேசையை ஒரு தட்டு தட்டுவார், புதுப் பத்தி என்றால் இரண்டு தட்டு. முழு விடையையும் மனதில் கட்டி வைத்துக்கொண்டு வரி வரியாக இறக்குவார். நடுவில் ஒரு வாக்கியத்தைக்கூட அடிக்கச் சொல்லவில்லை.

மூன்று மணி நேரம் முடிந்ததும் மேற்பார்வையாளர் தாளை வாங்க வந்தார். "எங்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்குங்க சார்" என்றார் அண்ணன். "சரிப்பா, மனிதாபிமான அடிப்படையில பதினஞ்சு நிமிஷம் தரேன்." அண்ணன் குரலை உயர்த்தவில்லை. "மனிதாபிமானம் வேண்டாம் சார், ஒரு மணி நேரம் வேணும். மணிக்கு இருபது நிமிஷம் கூடுதல். 2018 ஆகஸ்டில் மத்திய அரசு கொடுத்த வழிகாட்டுதல்." பையில் இருந்து ஒரு ஜெராக்ஸை எடுத்து நீட்டினார். பையில் நிறைய தாள்கள் இருந்தன. இது எதுவென்று எப்படித் தெரிந்தது என்று பிறகு கேட்டேன். அந்த ஒன்றுக்கு மட்டும் மூலையில் இரண்டு பின் அடித்து வைத்திருந்தாராம்.

ஒரு மணி நேரம் கிடைத்தது. நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. ஊருக்கு வந்த மறுநாளே கல்லூரி முதல்வருக்கு ஒரு மனு எழுதினார். அடுத்த பரீட்சையிலிருந்து கூடுதல் நேரம் பற்றி ஒவ்வொரு அறை மேற்பார்வையாளருக்கும் முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும் என்று கேட்டார். தனக்கு என்று ஒரு வரிகூட அதில் இல்லை. இரண்டு மாதத்தில் ஆணை வந்தது.

2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த அன்று ராத்திரி எனக்கு போன் செய்து அரை மணி நேரம் விளக்கினார். 40 சதவீதக் குறைபாடு இருந்தால்தான் ஸ்கிரைப் தருவோம் என்று சொல்லக் கூடாது, கை எழுத ஒத்துழைக்காத யாருக்கும் தேவையைப் பார்த்துத் தர வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. அண்ணனுடைய சான்றிதழில் 100 சதவீதம். அவருக்கு அதனால் ஒரு லாபமும் கிடையாது. ஆனால் அவருடைய ஜூனியர் ஒருவனுக்குக் கை நடுக்கம். அவனுக்காகத்தான் அவ்வளவு சந்தோஷம்.

இவர்களைப் போன்றவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எழுதுங்கள்.

வெட்டாறு எழுதியது:

எங்கள் ஊர் திருவாரூர் பக்கம். என் அண்ணனுக்குக் கதிரடிக்கும் மெஷினில் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்தபின் வங்கியில் பணம் எடுக்கப் போனால், கையெழுத்து இல்லாமல் முடியாது, வீட்டில் யார் பெயரையாவது கணக்கில் சேர்த்துக்கொண்டு வாருங்கள் என்றார்கள். சொந்தப் பணத்துக்கு இன்னொருத்தர் பெயர். அண்ணன் அன்றைக்குத்தான் அழுதார். கை போனபோதுகூட அழவில்லை.

பக்கத்து ஊரில் சட்டம் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று சொன்னார்கள். மூளை முடக்குவாதம். நடை தள்ளாடும், பேச்சு இழுத்து இழுத்து வரும். இந்தப் பெண் எப்படி வங்கியில் பேசுவாள் என்று எனக்குள் ஓடியது. இதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

மேனேஜர் அவள் பேச ஆரம்பித்ததும் என்னைப் பார்த்து, "என்ன சொல்றாங்க?" என்றார். அவள் நிறுத்தினாள். "சார், நான் உங்ககிட்டதான் பேசுறேன்" என்று மறுபடி முதலில் இருந்து தொடங்கினாள். அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்க்கும் வரை அடுத்த வார்த்தைக்குப் போகவில்லை. கையெழுத்துப் போட முடியாதவர் பெருவிரல் ரேகை வைக்கலாம், அதுவும் முடியாவிட்டால் கால் விரல் ரேகைகூட வைக்கலாம், வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் போதும், அதில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும், ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது என்று எழுதி எடுத்து வந்த மனுவைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு கேட்டாள். அடுத்த வாரம் அண்ணன் இடது பெருவிரலை வைத்துப் பணம் எடுத்தார்.

வெளியே வந்ததும் அவள் இன்னொன்று சொன்னாள். 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-வது பிரிவில் மாற்றுத்திறனாளிக்கு இலவச வக்கீல் உண்டு, மெஷின்காரரிடம் நஷ்டஈடு கேட்பதற்கும் போகலாம் என்று. எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. இப்போது எங்கள் தெருவில் யாருக்கு என்ன தாள் வந்தாலும் முதலில் அவளுக்குத்தான் வாட்ஸ்அப்பில் போகிறது.

அரசலாறு எழுதியது:

கும்பகோணத்தில் 30 வருடமாக வக்கீல் தொழில் செய்கிறேன். மூன்று வருடம் முன்பு பார்வையற்ற மாணவர் ஒருவர் பயிற்சிக்கு வந்தார். முதல் நாள் ஒரு பிராதைப் பென்டிரைவில் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். லேப்டாப்பில் என்விடிஏ என்ற திரைவாசிப்பானைப் போட்டார், திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள் அது. ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் அடைப்புக்குறிகளுமாக ஏதோ வாசித்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்தான் விளக்கினார். எங்கள் ஆபீஸில் 20 வருடமாகப் பழைய தமிழ் ஃபான்டில் அடிக்கிறோம். திரையில் 'வாதி' என்று தெரிந்தாலும் உள்ளே கம்ப்யூட்டர் வைத்திருப்பது வேறு எழுத்து. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு எழுத்தாக இருந்தால்தான் தமிழாகப் படிக்கும்.

குமாஸ்தாவோடு உட்கார்ந்து எங்கள் படிவங்களை எல்லாம் ஒரு மாதத்தில் யூனிகோடுக்கு மாற்றினார். அதற்குப் பிறகுதான் பழைய கட்டுகளில் ஒரு பெயரைத் தேடினால் எனக்கே கிடைக்கிறது. ஸ்கேன் செய்த தீர்ப்பு நகல்தான் இன்னும் அவருக்குத் தலைவலி. படமாக இருப்பதை அது வாசிக்காது.

அவருக்கு நீதிபதி ஆக ஆசை. 2019 ஜனவரியில் நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான், சிவில் நீதிபதிப் பதவிக்குப் பார்வைக் குறைபாடு 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அவர் அந்தத் தீர்ப்பை மனப்பாடமாகச் சொல்வார், எந்தப் பத்தியில் எது பிடிக்கவில்லை என்பது உட்பட. நியாயமான தகவமைப்பு, அதாவது ஒருவரின் குறைபாட்டுக்கு ஏற்ற வசதிகளைச் செய்து தருவது, என்பதையே அதில் பார்க்கவில்லை என்பது அவர் வாதம். விகாஷ் குமார் தீர்ப்பும் அதையேதான் சொன்னது. 2025 மார்ச் 3-ஆம் தேதி நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, பார்வையின்மையைக் காரணம் காட்டி யாரையும் நீதித்துறைப் பணியில் இருந்து ஒதுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அப்படி ஒதுக்கிய மத்தியப் பிரதேச விதி ஒன்றும் ரத்தானது. அன்று நான் கோர்ட்டில் இருந்து வந்தபோது அவர் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். "சார், ரெண்டாவது தடவை கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார். நான் காபி வாங்கி வரச் சொன்னேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

மயிலாடுதுறை அம்மா எழுதியது:

என் மகளுக்குக் காது கேட்காது, பிளஸ் ஒன் படிக்கிறாள். 2023 செப்டம்பரில் சாரா சன்னி என்ற காது கேளாத வக்கீல் சைகை மொழிபெயர்ப்பாளரோடு உச்ச நீதிமன்றத்தில் ஆஜரான செய்தியை அவளிடம் காட்டினேன். அன்று முதல் சட்டம்தான் படிப்பேன் என்கிறாள். வகுப்பில் சைகை மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கவலையாக இருக்கிறது. படித்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

குடமுருட்டி எழுதியது:

அம்மா, அண்ணனிடம் கேட்டேன். உடனே பதில் வந்தது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 32-வது பிரிவில் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் குறைந்தது 5 சதவீத இடம் உண்டு, வயது வரம்பில் ஐந்து வருடத் தளர்வும் உண்டு. மொழிபெயர்ப்பாளரைக் கல்லூரி ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சேரும்போதே எழுத்தில் கேளுங்கள், சேர்ந்தபின் கேட்டால் ஒரு செமஸ்டர் போய்விடும் என்கிறார். மனு மாதிரி ஒன்று தயார் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். யூனிகோடில்தான் வரும்.

அப்புறம், வரும் நவம்பர் பரீட்சைக்குத் தஞ்சாவூர், திருச்சி இரண்டு இடத்திலும் ஸ்கிரைப் தேவை. பிளஸ் டூ முடித்து, கையெழுத்து ஓரளவு வேகமாக இருந்தால் போதும். ரயில் செலவு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வர முடிந்தவர்கள் இங்கேயே சொல்லுங்கள்.