பையன் பாட்டியிடமா, பாட்டி பையனிடமா? ‘இன் சார்ஜ் ஆஃப்’ குறித்து ஒரு விவாதம்

செண்பகம்:
அனைவருக்கும் வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலச் சிறுகதை ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அதில் ‘தி பாய் வாஸ் லெஃப்ட் இன் சார்ஜ் ஆஃப் ஹிஸ் கிராண்ட்மதர்’ என்று ஒரு வாக்கியம் வருகிறது. ‘பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு எல்லோரும் சந்தைக்குக் கிளம்பினார்கள்’ என்று எழுதியிருந்தேன். படியைப் படித்த பதிப்பாசிரியர், ‘நேர்மாறாக இருக்குமோ?’ என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். பையனின் வயது கதையில் எங்கும் சொல்லப்படவில்லை. ‘தி’ இல்லாவிட்டால் முன்னால் நிற்பவர் பொறுப்பாளர், ‘இன் தி சார்ஜ் ஆஃப்’ என்று வந்தால் பின்னால் நிற்பவர் பொறுப்பாளர் என்றுதான் நான் படித்திருக்கிறேன். பிழை என்னுடையதா, கதாசிரியருடையதா, அந்த விதியினுடையதா?

இலக்கணப்பித்தன்:
அம்மா, உங்கள் மொழிபெயர்ப்பு சரி. பென்சில் குறிப்புதான் தவறு. முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் இதைக் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ‘தி நர்ஸ் இஸ் இன் சார்ஜ் ஆஃப் தி சில்ட்ரன்’ என்றால் குழந்தைகளைச் செவிலி பார்த்துக்கொள்கிறாள்; ‘தி சில்ட்ரன் ஆர் இன் தி சார்ஜ் ஆஃப் தி நர்ஸ்’ என்றாலும் பார்த்துக்கொள்பவள் அவளேதான். ‘இன் லவ்’, ‘இன் டெட்’ என்பவற்றைப் போல ‘இன் சார்ஜ்’ என்பதும் எழுவாயாக நிற்பவரின் நிலையைச் சொல்கிறது. ‘தி’ நுழைந்தவுடன் அந்தப் பொறுப்பு ‘ஆஃப்’ என்பதற்குப் பின்னால் நிற்பவரின் உடைமையாகிவிடுகிறது. ஐயம் இருந்தால் ‘இன் ஹெர் சார்ஜ்’ என்று மாற்றிப் பாருங்கள்: ‘குழந்தைகள் அவள் பொறுப்பில்’ என்னும் பொருள்தான் வருமே தவிர மற்றது வராது. ‘பொசெஷன்’ என்ற சொல்லும் இப்படியே நடக்கிறது. கத்தி வைத்திருக்கும் மனிதன் ‘இன் பொசெஷன் ஆஃப் எ நைஃப்’. அதே கத்தியோ ‘இன் தி பொசெஷன் ஆஃப்’ அந்த மனிதன். உங்கள் கதாசிரியர் வேறு எதையோ கருதியிருந்தால், அது அவருடைய கவனக்குறைவு.

சுவடிக்கட்டு:
ஐயா, இன்றைய ஆங்கிலத்துக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். ஆனால் இன்றைய பழக்கத்தைக் கொண்டுபோய் அந்தக் காலத்து எழுத்தாளரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘இன் சார்ஜ் ஆஃப்’ இரண்டு திசையிலும் ஓடியது. காவலரின் பிடியில் கொண்டுசெல்லப்படும் கைதியைக்கூட ‘இன் சார்ஜ் ஆஃப் எ கான்ஸ்டபிள்’ என்று எழுதினார்கள், அங்கே ‘தி’யைக் காணோம். அக்காலத்து லண்டன்காரர் ஒருவர் கோபத்தில் ‘ஐ ஷல் கிவ் யூ இன் சார்ஜ்’ என்றால், ‘உனக்குப் பதவி தருகிறேன்’ என்றா பொருள்? ‘உன்னைப் போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவேன்’ என்று பொருள். உங்கள் விதிப்படி பார்த்தால் அந்தத் திருடன் காவல் நிலையத்துக்கே அதிகாரியாகியிருக்க வேண்டும்.

மேலும், அதிகாரம் குறித்த எல்லாச் சொற்களும் இந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை. ‘கமாண்ட்’ என்ற சொல்லைப் பாருங்கள். கப்பலின் தலைவர் ‘இன் கமாண்ட் ஆஃப் தி ஷிப்’. கப்பலோ பெரும்பாலும் ‘அண்டர் தி கமாண்ட் ஆஃப்’ அந்தத் தலைவர். பொருள் திரும்பும் இடத்தில் முன்னிடைச்சொல்லே மாறிவிடுகிறது. ‘தி’ மட்டும் திசையைத் திருப்புவது ‘சார்ஜ்’, ‘பொசெஷன்’ போன்ற சில சொற்களில்தான். அதை மொழியின் விதி என்பதைவிடச் சில சொற்களுக்குப் படிந்த வழக்கம் என்பதே பொருத்தம்.

இலக்கணப்பித்தன்:
‘கமாண்ட்’ பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். மற்றதை ஏற்பதற்கில்லை. நீங்கள் காட்டும் அதே நூற்றாண்டில் இயற்றப்பட்ட பிரிட்டனின் 1872 உரிமச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பொதுச் சாலையில் வண்டி, குதிரை, கால்நடை, நீராவி இயந்திரம் ஆகியவற்றுக்குப் பொறுப்பாக இருந்துகொண்டு குடித்திருப்பதைக் குற்றமாக்குகிறது. அங்கே ‘ட்ரங்க் வைல் இன் சார்ஜ்’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள், ‘தி’ இல்லை. திசை இரண்டும் செல்லுபடியாகும் என்றால், மாட்டின் பாதுகாப்பில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன் என்று குடிகாரன் வாதாடலாமே!

சுவடிக்கட்டு:
மாட்டின் பாதுகாப்பில் வீடு திரும்பிய குடிகாரர்கள் உண்டு என்பதை நம் ஊர்க்காரர்கள் மறுக்க மாட்டார்கள். ஆனால் உங்கள் சான்று எனக்குத்தான் துணை நிற்கிறது. அந்தச் சட்டத்தைப் படித்த எவருக்கும் ஐயம் எழாததற்குக் காரணம் ‘தி’ இல்லாமை அன்று. மனிதன் மாட்டை ஓட்டுவான், மாடு மனிதனை ஓட்டாது என்ற உலக அறிவு. கைதியும் காவலரும் வரும் வாக்கியத்திலும் அதே அறிவுதான் பொருளைத் தீர்மானித்தது. இரு பக்கமும் மனிதர்கள் நின்று, யார் யாரைக் காப்பார் என்பது வெளிப்படையாக இல்லாதபோதுதான் சிக்கல் வருகிறது. பையனும் பாட்டியும் அப்படிப்பட்ட இணை.

ஓடுதளம்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். விமானப் பயிற்சித் துறையில் இருந்தவன் நான். ‘சார்ஜ்’, ‘கண்ட்ரோல்’ இரண்டையும் ஒன்றாகவே எண்ணிப் பேசுகிறோமோ என்று தோன்றுகிறது. ஐயா காட்டிய சட்டத்தின் வழிவந்த குற்றம் பிரிட்டனின் 1988 சாலைப் போக்குவரத்துச் சட்டத்திலும், 5-ஆம் பிரிவில், இருக்கிறது. வரம்புக்கு மேல் குடித்த ஒருவர் சாவியோடு காரின் பின்னிருக்கையில் உறங்கினாலும் அவர் ‘இன் சார்ஜ்’ என்று கருதப்படலாம். போதை தெளியும்வரை ஓட்டுவதற்கு வாய்ப்பே இருக்கவில்லை என்று மெய்ப்பித்தால் அவர் தப்பலாம். குறட்டை விடும் அவரை ‘இன் கண்ட்ரோல்’ என்று எந்த ஆங்கிலேயரும் சொல்ல மாட்டார். சார்ஜ் என்பது தலையில் ஏற்றப்பட்ட சுமை, கண்ட்ரோல் என்பது கையில் இருக்கும் பிடி.

விமானி அறையில் இந்தப் பிடி கைமாறுவதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். பிரிட்டிஷ் மரபில் ஒருவர் ‘யூ ஹாவ் கண்ட்ரோல்’ என்பார், மற்றவர் ‘ஐ ஹாவ் கண்ட்ரோல்’ என்று ஏற்பார். அங்கே ‘தி’ இல்லை. அமெரிக்கப் பயிற்சியில் ‘யூ ஹாவ் தி ஃப்ளைட் கண்ட்ரோல்ஸ்’ என்று தொடங்கி, மற்றவர் ஏற்ற பிறகு முதலாமவர் மீண்டும் ஒருமுறை அதையே சொல்லி உறுதி செய்வார். ‘தி’ வந்ததும் அங்கே யார் பிடிக்கிறார் என்பது மாறவில்லை, பிடிக்கப்படும் பொருள்தான் மாறியது: பிரிட்டிஷ்காரர் அதிகாரத்தைக் கைமாற்றுகிறார், அமெரிக்கர் நெம்புகோல்களைக் கைமாற்றுகிறார்.

செண்பகம்:
சுமை என்று ஓடுதளம் சொன்னது வெறும் உவமை அன்று என்று நினைக்கிறேன். ‘சார்ஜ்’ என்பதன் வேர், வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறிக்கும் லத்தீன் சொல். நம் ‘பொறுப்பு’ம் ‘பொறுத்தல்’, அதாவது தாங்குதல், என்பதிலிருந்து பிறந்ததுதான். ‘பொறை’ என்றாலே பாரம்.

ஆங்கிலத்தில் உள்ள குழப்பம் தமிழிலும் பாதி இருக்கிறது. ‘பாட்டியின் பொறுப்பை ஏற்றான்’ என்றால் தாங்குபவன் பையன். ‘பாட்டியின் பொறுப்பில் இருந்தான்’ என்றால் தாங்குபவள் பாட்டி. இரண்டிலும் ‘பாட்டியின் பொறுப்பு’ என்ற தொடர் மாறவே இல்லை; கடைசியில் ஒட்டும் உருபும் அதைத் தொடரும் வினையும் திசையைச் சொல்லிவிடுகின்றன. ஆங்கிலத்துக்கு அந்த வசதி இல்லாததால்தான் ‘தி’ அந்த வேலையை எடுத்துக்கொண்டதோ? என் காது ஏமாந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் அலுவலகங்களில் ‘இன்சார்ஜ் யாருங்க?’ என்று கேட்டுக் கேட்டு, அந்தச் சொல்லைக் கேட்டதும் மேசைக்குப் பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதாகவே மனம் கற்பனை செய்துவிடுகிறது.

இலக்கணப்பித்தன்:
உங்கள் தமிழ் எடுத்துக்காட்டு அழகாக இருக்கிறது, ஆனால் அது என் பக்கத்தையே வலுப்படுத்துகிறது: திசைகாட்ட ஒரு குறி வேண்டும் என்று எல்லா மொழியும் உணர்ந்திருக்கிறது. பழங்காலத்தில் இரண்டும் வழங்கியது என்பதை ஏற்கிறேன். ‘கிவ் இன் சார்ஜ்’ என் நினைவிலும் இருக்கிறது, அதை மறைத்துப் பேசியது சரியன்று. ஆனாலும் பதிப்பாசிரியர் சொன்னதற்காக மட்டும் மாற்றிவிடாதீர்கள். அந்த வாக்கியத்தை அடுத்து மூலத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்.

செண்பகம்:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், ஐயா. சந்தைக்குப் போகிறவர்களின் வண்டிச் சத்தம் தேயும்வரை இருவரும் வாசலில் நிற்கிறார்கள். பிறகு பையன் கதவைத் தள்ளிச் சாத்துகிறான். தாழ் எட்டாததால் பாட்டி கை நீட்டிப் போடுகிறாள். இத்தனை நாளும் அதை வெறும் வருணனையாகப் படித்துக் கடந்திருக்கிறேன். ‘பையனைப் பாட்டியின் பொறுப்பில் விட்டுவிட்டு’ என்று திருத்தி இன்றே அனுப்பிவிடுகிறேன்.