லூபஸ் ஆதரவுக் குழு: ஈரோட்டுல எப்படித் தொடங்கறதுங்க?

சென்னிமலைக்காரர்:
ஈரோடு, திருப்பூர், கோவை மூணு மாவட்டத்துக்கும் சேர்த்து லூபஸ் (உடம்போட எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கற நோய்) வந்தவங்களுக்கு ஒரு குழு ஆரம்பிக்கறோமுங்க. மொதல்ல சங்கமாப் பதிஞ்சுடலாமா? வாட்ஸ்அப் குரூப் போதுமா? கூட்டம் எங்கே, எப்போ வைக்கறது?

நொய்யல்கரை:
1975 சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தா மாவட்டப் பதிவாளர்கிட்டப் பதிஞ்சுக்கலாம். பதிஞ்சா வருசாவருசம் பொதுக்குழு, கணக்குத் தாக்கல்னு வேலை இருக்கும். ஆள் கூடி, பணம் புழங்க ஆரம்பிச்சா பதிஞ்சே ஆகணும்.

அதுக்கு முன்னாடி பேரு வெளிய போகாமப் பாருங்க. லூபஸ் வந்தவங்கள்ல பத்துக்கு ஒம்பது பேர் பெண்கள். பெரும்பாலும் 15லிருந்து 44 வயசுக்குள்ளதான் தொடங்குது. கல்யாணப் பேச்சு நடக்கற வயசு. ஒறம்பரைக்குள்ள சேதி போற வேகம் உங்களுக்கே தெரியுமுங்க. சாதா வாட்ஸ்அப் குரூப்ல எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். கம்யூனிட்டி அறிவிப்புக் குழுவுல அட்மினுக்கும், ஏற்கெனவே நம்பரைச் சேமிச்சு வெச்சிருக்கறவங்களுக்கும் மட்டுந்தான். அறிவிப்பை அதுல போடுங்க, பேச்சை நேர்ல வெச்சுக்கங்க.

பவானிக் கூடுதுறை:
வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிர் தோலை மட்டும் பாதிக்கறதோட நிக்காது, அடங்கின நோயையே கிளப்பி விடும். காலைல பத்துலிருந்து சாயங்காலம் நாலு வரைக்கும் யாரையும் பஸ் ஸ்டாண்டுல நிக்க வைக்காதீங்க. நாலரைக்குத் தொடங்கி ஆறுக்கு முடிச்சா சத்தி, காங்கேயம் போறவங்களுக்கும் பஸ் கிடைக்கும். முகூர்த்த ஞாயிறு வேண்டாம், பஸ்ஸுல உக்கார எடமிருக்காது.

தரைத்தள அறை, சாஞ்சு உக்கார நாற்காலி. ஏசி காத்து நேரா மேல படக்கூடாது. ரேனாட்ஸ்ங்கற ரத்த ஓட்டக் கோளாறு உள்ளவங்களுக்குக் குளிர்ல விரல் வெளுத்து, நீலமாகி, மரத்துப் போயிரும். சளி, காய்ச்சல் இருக்கறவங்க அன்னைக்கு வர வேண்டாம்னு முன்கூட்டியே சொல்லிருங்க. பாதிப்பேர் எதிர்ப்பு சக்தியை அடக்கற மருந்துல இருப்பாங்க.

மருந்தாளுநர், கோபி:
ஒரு விதியை மட்டும் தளர்த்தாதீங்க: மருந்தளவை ஒப்பிட்டுப் பேசக்கூடாது. லூபஸுக்குக் குடுக்கற ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மி.கி.க்கு மேல போகக்கூடாது. 40 கிலோ உள்ளவங்களுக்கு 200, 80 கிலோ உள்ளவங்களுக்கு 400. பக்கத்து நாற்காலிக்காரர் மாத்திரை நமக்குக் கணக்காகாது. ரொம்ப நாளாச் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீர்னு நிறுத்தினா ரத்த அழுத்தம் சரிஞ்சு உசுருக்கே ஆபத்து. "மூணே மாசத்துல குணம்"னு பொடி விக்க வர்றவங்களை அன்னைக்கே நீக்குங்க.

சிறுநீர்ல நுரை, கால் வீக்கம் தெரிஞ்சா அன்னைக்கே டாக்டரைப் பாக்கணும். சிறுநீரகம் வலியில்லாமலேதான் கெடும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் தொடங்கறப்போ கண் பரிசோதனை ஒண்ணு, அஞ்சு வருசத்துக்கப்புறம் வருசாவருசம். சிறுநீரகம் ஏற்கெனவே பாதிச்சிருந்தா முன்னாடியே வருசாவருசம் பாக்கணும். மைகோபினோலேட் (எதிர்ப்பு சக்தியை அடக்கற மருந்து) எடுக்கறவங்க கர்ப்பத்துக்குத் திட்டமிட்டா, குறைஞ்சது ஆறு வாரம் முன்னாடியே டாக்டர் சொல்லி மருந்தை மாத்தியிருக்கணும். இதைப் பொதுவுல கேக்கக் கூச்சப்படுவாங்க. அதனால வாசல்லயே ஆளுக்கொரு துண்டுச் சீட்டு குடுத்து, பேரில்லாம எழுதி வாங்கி, வாத நோய் டாக்டர்கிட்ட மொத்தமாக் குடுங்க.