'செல்' எல்லாமே 'கலம்' ஆகுமா?

கயல்: உயிரியல் கட்டுரை ஒன்று எழுதுகிறேன். ஆங்கில 'செல்' (cell) வரும் இடமெல்லாம் 'கலம்' என்றே போடப் போகிறேன். மின்கலம் ஏற்கெனவே இருக்கிறது, இலங்கைப் பாடநூல்களில் உயிரியலுக்கும் கலம்தான். ஆங்கிலத்தில் ஒரே சொல் எல்லாத் துறைக்கும் போதும் என்றால் தமிழில் ஏன் போதாது?

மாறன்: போதாது. கலம் என்றால் பாத்திரம், கப்பல். எதையாவது உள்ளே ஏந்த வேண்டும். மின்கலத்துக்குப் பொருந்தும், உள்ளே வேதிப்பொருள் இருக்கிறது. கைபேசிக் கோபுரத்தின் செல் எதை ஏந்துகிறது? அலை எட்டுகிற நிலப்பரப்பு, அவ்வளவுதான். எக்செல் போன்ற விரிதாளில் அது கட்டம், சிறையில் அறை.

கயல்: வேர் ஒன்றுதானே, லத்தீனில் சிறு அறை. 1665இல் ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலை நுண்ணோக்கியில் பார்த்தபோது தேன்கூட்டு அறைகள் போலத் தெரிந்ததால் வந்த பெயர். 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் நடமாடும் தொலைபேசிக்குத் திட்டம் போட்டவர்களும் நிலத்தை அறுகோணங்களாகத்தான் பிரித்தார்கள். மறுபடியும் தேன்கூடு! இந்த உறவை அறுக்க எனக்கு மனம் வரவில்லை.

மாறன்: உறவு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஹூக் பார்த்தவை செத்துப்போன வெற்றறைகள். இன்று செல் என்றால் உயிருள்ள ஒன்று. அதற்கு 'உயிரணு' என்று துணிந்து எழுதுங்கள்.

இளவேனில்: நடுவில் வருகிறேன். உயிரணுவில் 'அணு' வந்து குழப்புகிறதே. ஒரு செல்லுக்குள் கோடி கோடியாய் அணுக்கள் இருக்கின்றன. வேதியியல் படித்த மாணவர் எதை எதற்குள் வைப்பார்? மின்கலத்திலும் சிக்கல் உண்டு. 12 வோல்ட் கார் பேட்டரியில் தலா 2 வோல்ட் வீதம் 6 செல்கள். பேட்டரியையும் மின்கலம் என்று எழுதும் பழக்கம் இருப்பதால் 'மின்கலத்துக்குள் 6 மின்கலங்கள்' என்றாகிவிடும். அதற்குப் பேசாமல் செல் என்றே எழுதலாம்.

கயல்: பேட்டரிக்கு 'மின்கல அடுக்கு' இருக்கிறதே, அதைப் பழக்கினால் போதும். சரி, விரிதாளையும் சிறையையும் கோபுரத்தையும் விட்டுத்தருகிறேன். உயிரியலில் மட்டும் மாட்டேன்.

மாறன்: அப்போது செல்சுவரை என்ன செய்வீர்கள்?

கயல்: கலச்சுவர். ஹூக் பார்த்ததும் அதைத்தானே.