ஒவ்வொரு விடைச் சேர்க்கைக்கும் தனிப் பட்டை விழுகிறது: கருத்தாய்வுத் தரவை வரைபடமாக்க உதவி தேவை

வாசகர் வட்டத்தார்:
வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டம் சார்பில், நவம்பர் 14 முதல் 20 வரை கொண்டாடப்படும் தேசிய நூலக வாரத்தில் காட்சிக்கு வைப்பதற்காக, நூலகத்துக்கு வருவோர் எவற்றைப் படிக்கிறார்கள் என்று ஒரு கருத்தாய்வு நடத்தினோம். கூகுள் ஃபார்ம் வழியாக 144 பேர் விடையளித்துள்ளனர். நாளிதழ், ஆங்கில நாளிதழ், வார மாத இதழ்கள், கதை, கவிதை நூல்கள், போட்டித் தேர்வு நூல்கள், மற்றவை என்ற பட்டியலிலிருந்து ஒருவர் எத்தனையை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம்.

தரவை எக்செலில் இறக்கி, ஒரே மதிப்புகளைத் தொகுத்து எண்ணித் தரும் பிவட் டேபிள் வசதி மூலம் பட்டை வரைபடம் போட்டால், "நாளிதழ், போட்டித் தேர்வு நூல்கள்" என்று இரண்டையும் தேர்ந்தெடுத்தவர்களுக்கு ஒரு பட்டை, மூன்றைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இன்னொரு பட்டை எனச் சேர்க்கைக்கு ஒன்றாகப் பட்டைகள் நிறைந்துவிடுகின்றன. காற்புள்ளியை வைத்துப் பிரித்துப் பார்த்தேன். அப்போது ஒரே விடை வெவ்வேறு நெடுவரிசைகளில் சிதறுவதோடு, "கதை, கவிதை நூல்கள்" என்ற ஒரே விடையும் இரண்டாக உடைந்துவிடுகிறது. வகைக்கு ஒரு பட்டை வர என்ன செய்ய வேண்டும்?

கணக்கர்:
வணக்கம் ஐயா. பல விடைகளைத் தேர்ந்தெடுக்கும் கேள்விக்குக் கூகுள் ஃபார்ம் ஒருவருடைய எல்லா விடைகளையும் காற்புள்ளியிட்டு ஒரே கட்டத்தில் எழுதிவைக்கிறது. பிவட் டேபிளோ கட்டத்தில் உள்ள முழு எழுத்துத் தொடரையும் ஒரு மதிப்பாகவே கருதுகிறது. ஆகவே மூலத் தரவிலிருந்து நேரே வரைபடத்துக்குப் போகாமல், பள்ளியில் நேர்க்கோட்டுக் குறியிட்டு நிகழ்வெண் பட்டியல் தயாரித்ததைப் போல, இடையில் ஒரு சிறு பட்டியலை நீங்களே அமைக்க வேண்டும்.

தனித் தாளில் முதல் நெடுவரிசையில் வகைகளின் பெயர்களை எழுதுங்கள். அடுத்த நெடுவரிசையில், நிபந்தனைக்குப் பொருந்தும் கட்டங்களை எண்ணும் கவுண்ட்இஃப் (COUNTIF) சார்பைப் பயன்படுத்தி, தேடும் பெயரின் இரு புறமும் நட்சத்திரக் குறி (*) இட்டால், அப்பெயர் கட்டத்தின் எந்தப் பகுதியில் இருந்தாலும் எண்ணப்படும். பிரிக்கும் வேலையே இல்லாததால் உள்ளே காற்புள்ளி உள்ள விடையும் உடையாது. வயதுவாரியாக வேண்டுமெனில் கவுண்ட்இஃப்ஸ் சார்பில் வயதை இரண்டாம் நிபந்தனையாகக் கொடுங்கள். முடித்தபின், கூகுள் ஃபார்மின் பதில் சுருக்கப் பக்கத்தில் உள்ள எண்ணிக்கைகளோடு உங்கள் மொத்தங்களை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

வாசகர் வட்டத்தார்:
மிக்க நன்றி ஐயா. மற்ற வகைகள் அனைத்தும் பொருந்துகின்றன. நாளிதழ் மட்டும் என் பட்டியலில் 91 என்றும் சுருக்கப் பக்கத்தில் 82 என்றும் வருகிறது.

கணக்கர்:
"ஆங்கில நாளிதழ்" என்பதற்குள்ளும் "நாளிதழ்" என்ற சொல் இருக்கிறதல்லவா? ஆங்கில நாளிதழை மட்டும் தேர்ந்தெடுத்த 9 பேரும் சேர்ந்து எண்ணப்பட்டிருக்கிறார்கள். மூலத் தரவின் நகல் ஒன்றில், கண்டறிந்து மாற்றும் வசதியால் "ஆங்கில நாளிதழ்" என்பதை "ஆங்கிலத் தாள்" என மாற்றிவிட்டு எண்ணுங்கள். ஒரு வகையின் பெயர் இன்னொன்றினுள் அடங்கியிருக்கும் இடமெல்லாம் இந்தச் சிக்கல் வரும் என்பதால், அடுத்த முறை படிவம் தயாரிக்கும்போதே பெயர்களை விலக்கி வைத்துக்கொள்வது நல்லது.

வாசகர் வட்டத்தார்:
82 வந்துவிட்டது. இப்போது வேறொரு விவாதம் எழுந்துள்ளது. நாளிதழ் படிப்போர் 30 வயதுக்கு உட்பட்டோரில் 36 பேர், 30 முதல் 59 வரை 24 பேர், 60 வயதுக்கு மேல் 22 பேர். முதல் பட்டையே உயரமாக இருப்பதால், "நாளிதழை அதிகம் படிப்போர் இளைஞர்களே" என்று தலைப்பிடலாம் என்கிறார் எங்கள் செயலாளர். எனக்கு அது சரியாகப் படவில்லை. மேலும், விழுக்காடாக மாற்றிப் பார்த்தால் எல்லா வகைகளின் கூட்டுத்தொகையும் 100ஐத் தாண்டுவதால், கணக்கே தவறு என்கிறார் பொருளாளர்.

புள்ளியியல் ஆசிரியை:
உங்கள் ஐயம் நியாயமானது. ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் மொத்தம் எத்தனை பேர் விடையளித்தார்கள்?

வாசகர் வட்டத்தார்:
முறையே 90, 30, 24 பேர் அம்மா.

புள்ளியியல் ஆசிரியை:
அப்படியானால் 90இல் 36 என்பது 40 விழுக்காடு, 30இல் 24 என்பது 80 விழுக்காடு, 24இல் 22 என்பது ஏறத்தாழ 92 விழுக்காடு. பட்டைகளின் உயர வரிசை அப்படியே தலைகீழாகிவிடுகிறது. எண்ணிக்கையை வைத்து வரைந்த படம், யார் நாளிதழ் படிக்கிறார்கள் என்பதைவிட, யார் படிவத்தை நிரப்பினார்கள் என்பதைத்தான் பெரிதும் காட்டியிருக்கிறது. அளவில் வேறுபட்ட பிரிவுகளை ஒப்பிடும்போது, அந்தந்தப் பிரிவில் விடையளித்தோர் தொகையால் வகுத்த விழுக்காட்டையே பட்டையின் நீளமாகக் கொள்ள வேண்டும். வகுக்கும் எண் ஆட்களின் தொகையாக இருக்கட்டும். டிக் செய்யப்பட்ட விடைகளின் தொகையால் வகுத்தால், பல வகைகளைப் படிப்பவருக்குக் கூடுதல் எடை கிடைத்துவிடும்.

பொருளாளரிடம், ஒருவரே பல வகைகளில் இடம்பெறுவதால் கூட்டுத்தொகை 100ஐத் தாண்டுவது இயல்பே என்று சொல்லுங்கள். அதையே படத்தின் அடியில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். இத்தகைய தரவுக்கு வட்ட விளக்கப்படம் பொருந்தாததும் இதனால்தான்.

முதியோர் பிரிவில் 24 பேரே இருப்பதால், ஒருவர் விடையை மாற்றினாலும் 4 விழுக்காட்டுக்கு மேல் நகரும். ஆகவே 80க்கும் 92க்கும் உள்ள வேறுபாட்டைப் பெரிதுபடுத்தாதீர்கள்; 40க்கும் 80க்கும் உள்ளதைத் துணிந்து சொல்லலாம். படிவம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதையும் கேட்க விரும்புகிறேன். வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பியிருந்தால், காலையில் நாளிதழ் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் பெரியவர்கள் பலர் இதில் விடுபட்டிருப்பார்கள்.

வாசகர் வட்டத்தார்:
வாட்ஸ்அப்பில்தான் பெரும்பாலும் அனுப்பினோம் அம்மா. அதையும் குறிப்பில் சேர்த்துவிடுகிறேன்.

புதிய உறுப்பினர்:
மூன்று வயதுப் பிரிவுகளையும் ஒரே பட்டையில் அடுக்கி 100 விழுக்காட்டுப் படமாக வைத்தால் இடம் மிச்சமாகுமே?

புள்ளியியல் ஆசிரியை:
இங்கு வேண்டாம். நாளிதழ் படிக்கும் 82 பேரில் எந்த வயதினர் எவ்வளவு என்பதைத்தான் அந்தப் படம் சொல்லும். 90 பேர் கொண்ட பிரிவே அதில் மீண்டும் பெரிய பங்கைப் பிடிக்கும். வகைக்கு மூன்று பட்டைகள் அருகருகே நிற்கட்டும்.

கணக்கர்:
வரையும்போது கவனிக்க வேண்டியவை சில உள்ளன. "போட்டித் தேர்வு நூல்கள்" போன்ற நீண்ட பெயர்கள் செங்குத்துப் பட்டைகளின் கீழே சாய்ந்து படிக்கச் சிரமமாகும் என்பதால், கிடைமட்டப் பட்டைகளைத் தேர்ந்தெடுங்கள். அப்போது எக்செல் பட்டியலின் முதல் வகையை அடியில் வைக்கும். வகைப் பெயர்கள் உள்ள அச்சுக்கோட்டின் அமைப்பில் வகைகளைத் தலைகீழ் வரிசையில் காட்டும் தெரிவை இயக்கினால் சரியாகிவிடும். மதிப்புகள் நெருங்கியிருந்தால் விழுக்காட்டு அச்சுக்கோடு தானாகவே பூச்சியத்துக்கு மேலிருந்து தொடங்கிச் சிறு வேறுபாட்டையும் பெரிதாகக் காட்டக்கூடும். எனவே குறைந்தபட்ச மதிப்பைப் பூச்சியம் என்று நீங்களே இட்டுவிடுங்கள். "மாதத்தில் எத்தனை முறை வருகிறீர்கள்" என்ற கேள்வியும் இருந்து, விடைகள் 1-3, 4-8 என அமைந்திருந்தால், எக்செல் அவற்றைத் தேதிகளாக மாற்றியிருக்கும். "1 முதல் 3 வரை" என எழுத்தாக வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

வாசகர் வட்டத்தார்:
பயனுள்ள குறிப்புகள் ஐயா. வண்ண அச்சுக்கு எங்களிடம் நிதி இல்லை. கருப்பு வெள்ளை நகல்தான் எடுக்கப்போகிறோம். வகைகளை எந்த வரிசையில் வைப்பது?

கணக்கர்:
மொத்த விழுக்காடு அதிகமுள்ளது முதலில் வரட்டும். "மற்றவை" எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கடைசியில் இருக்கட்டும். நகலெடுத்தால் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிடும். ஆகவே ஒரு பிரிவுக்கு முழுக் கருப்பு, ஒன்றுக்கு வெளிர் சாம்பல், மற்றொன்றுக்குக் கோடிட்ட வெள்ளை எனக் கொடுத்து, ஒவ்வொரு பட்டையின் முனையிலும் விழுக்காட்டை அச்சிடுங்கள். வயதுப் பிரிவின் பெயருக்கு அருகிலேயே 90 பேர், 30 பேர், 24 பேர் என எழுதிவிட்டால், செயலாளர் வந்த முடிவுக்குப் பார்வையாளர்கள் வரமாட்டார்கள்.